பெண் வேடக் கலைஞரின் வாழ்க்கைக் குறிப்பு: திருத்தம் சொல்வது எப்படி? சந்தேகங்களும் விளக்கங்களும்

பெண் வேடம் கட்டிய ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பு இணையக் கலைக்களஞ்சியத்தில் ஏறிவிட்டால் அதற்கு வரும் கருத்துகள் பெரும்பாலும் இரண்டே ரகம். 'அருமை, வாழ்த்துகள்' என்பது ஒன்று. 'இதையெல்லாம் எழுதத்தான் வேணுமா?' என்பது மற்றது. எழுதியவருக்கு இரண்டாலும் பயனில்லை. எந்த வரி பிழை, எந்த ஆண்டைச் சரிபார்க்க வேண்டும், எது விடுபட்டிருக்கிறது என்று இரண்டுமே சொல்வதில்லை.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் உயர்தரத்துக்கு 'நாடகமும் அரங்கியலும்' எடுக்கும் பிள்ளைகள் பழைய நடிகர்களைத் தேடும்போது முதலில் கண்ணில் படுவது விக்கிப்பீடியாதான். தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் தொடங்கியது. ஆரம்ப நாட்களில் அதைத் தூக்கி நிறுத்தியவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம், யாரும் உரையாடல் பக்கத்தில் குறிப்புப் போடலாம் என்பதே அதன் ஏற்பாடு. ஆனால் ஆண் ஒருவர் சேலை கட்டி மேடையேறிய கதை என்றதும் நம்மவர் பலருக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் போய்விடுகிறது. இது பற்றி அடிக்கடி எழும் சந்தேகங்களை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

சந்தேகம்: ஆண் பெண்ணுடுப்பு உடுப்பது மார்க்கத்தில் கூடாது என்று மௌலவிமார் சொல்கிறார்கள். அப்படி நடித்தவரின் கட்டுரையைச் சீர்ப்படுத்த உதவினால் அதை ஆதரித்ததாக ஆகாதா?

கூடுமா கூடாதா என்பதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பத்திரிகை ஃபத்வா சொல்லும் இடமில்லை. ஆனால் ஒருவர் என்ன செய்தார் என்று பதிவதும், அவர் செய்தது சரியா என்று தீர்ப்புச் சொல்வதும் வேறு வேறு வேலைகள் என்பது நமக்குப் புதிய சங்கதி இல்லை.

10 ஆம் நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் அல்-இஸ்ஃபஹானி தொகுத்த 'கிதாபுல் அகானி' என்ற பெருநூலை எடுங்கள். பாடல்கள், பாடகர்கள், புலவர்கள் பற்றிய கலைக்களஞ்சியம் என்றே அதைச் சொல்லலாம். ஆரம்பகால மதீனாவில் பெயர்பெற்ற பாடகர் துவைஸ் பற்றி அதில் தனியாகவே எழுதப்பட்டிருக்கிறது. துவைஸ் முகன்னஸ், அதாவது நடையிலும் பேச்சிலும் பெண்மைச் சாயல் உள்ளவர் என்று அந்நாளில் அறியப்பட்டவர். நூலாசிரியர் அதை மறைக்கவுமில்லை, அதை மட்டுமே எழுதிவிட்டு நிறுத்தவுமில்லை. என்ன பாடினார், யாருடைய காலத்தில் வாழ்ந்தார், அவரைப் பற்றி மக்கள் என்ன கதை சொன்னார்கள் என்று எழுதிக்கொண்டு போகிறார். அந்தக் கதைகளை இன்னார் இன்னாரிடம் கேட்டுச் சொன்னார் என்ற அறிவிப்பாளர் வரிசையோடு தருகிறார்.

ஹதீஸ் அறிவிப்பாளர்களின் வரலாற்றை ஆராயும் ரிஜால் கலையும் அப்படித்தான். இவர் நம்பகமானவர், இவருக்குப் பிற்காலத்தில் ஞாபகம் தடுமாறியது, இவர் அந்த ஊருக்குப் போனதே இல்லை என்று பெரிய மனிதர்களைப் பற்றிக்கூட ஒளிக்காமல் எழுதிவைத்த மரபு அது. மதரஸாவில் ஓதிய பிள்ளைக்குக்கூடத் தெரிந்த கேள்விதான் கலைக்களஞ்சியக் கட்டுரைக்கும் முதல் கேள்வி: இந்தச் செய்திக்கு ஸனது எங்கே? கட்டுரையாளரிடம் இதைக் கேட்பவர் வேடத்தை ஆதரிக்கவுமில்லை, எதிர்க்கவுமில்லை. பொய் நிலைத்துவிடாமல் பார்த்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

சந்தேகம்: நம் பழைய ஸ்திரீபார்ட் நடிகர்களும் இப்போது வெளிநாட்டுத் தொலைக்காட்சியில் வரும் டிராக் கலைஞர்களும் ஒன்றா? ஒரே மாதிரி எழுதலாமா?

ஒன்றில்லை. ஒரே தலைப்பில் அடைத்தால் இரண்டுமே கெட்டுப்போகும்.

நம் மேடையில் ஆண் பெண் வேடம் கட்டியது பெரும்பாலும் தேவையால். பெண்கள் மேடையேறாத காலத்தில் சீதைக்கும் சந்திரமதிக்கும் ஆள் வேண்டியிருந்தது. இங்கிலாந்திலும் அதே கதைதான். ஷேக்ஸ்பியர் காலத்தில் ஜூலியட்டாக நடித்தவர்கள் பையன்கள். 1660 க்குப் பிறகுதான் அங்கே பொது மேடைகளில் நடிகைகள் வழக்கமாக வரத் தொடங்கினார்கள். நமக்கு அடுத்த ஊரான காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1926 இல் வெளியிட்ட 'மதங்கசூளாமணி'யில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழருக்கு அறிமுகம் செய்தார். அந்த நாடகங்கள் எழுதப்பட்டதே பையன்கள் பெண்ணாக நடிப்பார்கள் என்ற கணக்கில்தான் என்பதையும் சேர்த்து நினைத்தால் நம் ஸ்திரீபார்ட் நடிகர்கள் உலகத்தில் தனித்த அதிசயமாகத் தோன்றமாட்டார்கள்.

மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழ்க் கிராமங்களின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளிலும் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் சட்டம் கொடுக்கும்போது, அதாவது பாத்திரங்களைப் பிரித்துக் கொடுக்கும்போது, பெண் பாத்திரமும் ஆணுக்குத்தான் போனது. களரியில் அது வழமையான வேலை. யாரும் புருவம் உயர்த்தவில்லை.

டிராக் வேறு. அங்கே ஆண்-பெண் தோற்றத்தை மிகைப்படுத்திக் காட்டுவதே ஆட்டத்தின் பொருள். கலைஞர் தமக்கென ஒரு மேடைப் பெயரையும் குணத்தையும் உருவாக்கிக்கொள்கிறார். கதை இல்லாமலும் அது நடக்கும். அமெரிக்காவில் 2009 இல் தொடங்கிய 'ருபால்ஸ் டிராக் ரேஸ்' போட்டிக்குப் பிறகு இத்தகைய கலைஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகள் கலைக்களஞ்சியத்தில் பெருகின. ஆகவே 1920களின் பாய்ஸ் கம்பெனி ஒன்றில், அதாவது சிறுவர் நாடகக் குழுவில், நடித்த பையனை 'தமிழின் முதல் டிராக் கலைஞர்' என்று யாராவது எழுதியிருந்தால், அப்படிச் சொன்ன ஆய்வாளர் யார் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த வரி போக வேண்டியதுதான்.

பெண்கள் ஆண் வேடம் கட்டிய கதையையும் மறக்கக்கூடாது. கே. பி. சுந்தராம்பாள் 1935 இல் வெளிவந்த 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். அதற்கு ஒரு இலட்சம் ரூபாய் சம்பளம் என்பது அந்நாளில் ஊரெல்லாம் பேசப்பட்ட செய்தி. பின்னால் 1958 இல் சென்னை சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டதும் அவர்தான். அவரைப் பற்றிய குறிப்புகளில் 'ஆண் வேடமிட்டதால் குடும்ப வாழ்க்கை பாதித்தது' என்ற மாதிரி வரியை யாரும் எழுதுவதில்லை. ஸ்திரீபார்ட் நடிகர்களுக்கு மட்டும் அப்படி வரிகள் முளைக்கின்றன. இந்த ஓரவஞ்சனையைச் சுட்டிக்காட்டுவதே நல்ல கருத்துரைக்கு ஓர் உதாரணம்.

சந்தேகம்: சரி, கருத்து என்று என்ன எழுதுவது? ஒரு மாதிரி காட்டுங்கள்.

காட்டுவோம். கீழே உள்ள நான்கு வரிகள் இந்தப் பகுதிக்காக நாமே எழுதியவை. பிழைகள் வேண்டுமென்றே வைக்கப்பட்டவை.

'அவ்வை தி. க. சண்முகம் தமிழ் நாடக உலகின் ஈடிணையற்ற சக்கரவர்த்தி. பெண்ணாகவே மாறி வேடமிட்டு எல்லோரையும் ஏமாற்றினார். 1953 இல் வெளிவந்த ஔவையார் படத்தில் நடித்து அவ்வை என்ற பட்டம் பெற்றார். பிற்காலத்தில் பெண் வேடத்தைக் கைவிட்டு நல்ல பாத்திரங்களில் நடித்தார்.'

முதல் வரியில் புகழ்ச்சி இருக்கிறது, செய்தி இல்லை. 'சக்கரவர்த்தி'யை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்ன வைக்கலாம் என்று சொல்லிக்கொடுங்கள். சண்முகம் 1912 இல் பிறந்தார். 1918 இல், ஆறு வயதில், சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சேர்ந்தார். 1925 இல் சகோதரர்கள் சேர்ந்து சொந்தச் சபை தொடங்கினார்கள். 1973 இல் காலமானார். ஆறு வயதுப் பையன் நாடகக் கம்பெனியில் சேர்ந்தான் என்ற ஒரு வரி, பத்துச் சக்கரவர்த்திகளைவிட அதிகம் சொல்கிறது.

இரண்டாம் வரியில் சிக்கல் 'ஏமாற்றினார்' என்பதில். காசு கொடுத்து டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவருக்கு மேடையில் நிற்பது ஆண் என்று தெரியும். தெரிந்துகொண்டு பார்த்ததுதான் அந்தக் கலையின் சுவையே. அதோடு அவ்வை வேடம் அழகுப் பதுமை வேடமும் அல்ல. கூன் விழுந்த கிழவி. குரல், நடை, பாட்டு மூன்றையும் அதற்கென மாற்றியாக வேண்டும். கட்டுரையாளர் சொல்லாமல் விட்டது அதைத்தான்.

மூன்றாம் வரி முழுப்பிழை. இந்தப் பிழை பேச்சிலும் அடிக்கடி காதில் விழுகிறது. 1953 இல் ஜெமினி தயாரித்த 'ஔவையார்' படத்தில் அவ்வையாக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள். சண்முகத்துக்கு அடைமொழி வாங்கித் தந்தது அதற்கு முன், 1940களில், அவர்களுடைய சபை போட்ட மேடை நாடகம். இதற்குமேல் 1996 இல் கமல்ஹாசன் பெண் வேடத்தில் நடித்த 'அவ்வை சண்முகி' வேறு வந்து, அந்தப் பெயரே நாடக மேதை சண்முகத்தை நினைவுபடுத்தி வைக்கப்பட்டது என்பது தெரியாத தலைமுறையிடம் மூன்றையும் ஒரே குழம்பாக்கிவிட்டது.

நான்காம் வரிதான் எனக்குச் சுவையானது. 'கைவிட்டு நல்ல பாத்திரங்களில்' என்பதில் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது என்பது ஒருபுறம். வரிசையே தலைகீழ் என்பது மறுபுறம். சண்முகம் அவ்வையாக நின்றது முப்பதை ஒட்டிய வயதில். அப்போது அவர் ஆண் வேடங்களில் பெயரெடுத்து, சபையை நடத்தும் முன்னணி நடிகர். சின்ன வயதில் செய்துவிட்டுத் திருந்திய காரியமாக அதை எழுதுபவர், தாம் எதிர்பார்த்த கதையை எழுதுகிறார். நடந்த கதையை எழுதவில்லை.

இதை உரையாடல் பக்கத்தில் எப்படிப் போடுவது? இப்படி: 'மூன்றாம் வரி: 1953 படத்தில் நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள். தி. க. சண்முகம் நடித்தது அதே பெயருள்ள மேடை நாடகம். அவருடைய எனது நாடக வாழ்க்கை நூலைப் பார்த்து நாடகம் அரங்கேறிய ஆண்டையும் ஊரையும் சேர்க்க முடியுமா? நான்காம் வரியின் வரிசையையும் அதோடு சரிபார்த்தால் நல்லது.' கடைசியில் நான்கு அலைக்குறி இட்டால் உங்கள் பயனர் பெயரும் நேரமும் தானாக விழும். எந்த வரி, என்ன பிழை, எங்கே பார்க்கலாம் என்ற மூன்றும் இருக்கின்றன. எழுதியவரின் அறிவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எழுதியவர் பெரும்பாலும் ஒரு மாணவராகவோ வேலை முடிந்து இரவில் குந்தியிருந்து தட்டச்சுச் செய்பவராகவோதான் இருப்பார். திட்டினால் அடுத்த கட்டுரை வராது.

கட்டுரையில் இருக்கும் பிழையைக் காட்டுவதோடு இல்லாததையும் கேளுங்கள். பாய்ஸ் கம்பெனி நடிகர் என்றால் மகரக்கட்டு எப்போது வந்தது என்பது முக்கியமான சங்கதி. குரல் உடைந்ததும் பாட்டு போகும். பாட்டுப் போனால் பார்ட் மாறும். எத்தனையோ பையன்களின் மேடை வாழ்க்கையே அதோடு முடிந்தது. சிவாஜி கணேசன்கூட நாடகக் கம்பெனியில் சீதை வேடத்தில் தொடங்கியவர்தான். எந்த வயதில் எந்த பார்ட், யார் பயிற்றினார், சம்பளம் என்ன, உடுப்பும் ஒப்பனையும் யார் பொறுப்பு என்பவை இல்லாத ஸ்திரீபார்ட் நடிகரின் கட்டுரை பாதிக் கட்டுரை.

சந்தேகம்: நடிகரே எழுதிய சுயசரிதையை ஆதாரமாகக் காட்டலாமா?

காட்டலாம், அளவோடு. எந்த ஊரில் பிறந்தேன், எந்தச் சபையில் சேர்ந்தேன் என்று அவரே எழுதியதை ஏற்பதில் தடையில்லை. 'நானே முதல்வன்', 'எனக்கு நிகரில்லை' போன்றவற்றுக்கு வேறொருவர் சாட்சி வேண்டும்.

இடைப்பட்டவையும் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது தமிழ் நாடக உலகில் பிரபலமான கதை. நாடகத்தில் அபிமன்யுவாக நடித்த சண்முகமே அதைச் சொல்லியிருக்கிறார். அழகான கதை, எடுத்துவிடச் சொல்லாதீர்கள். 'என்று சண்முகம் நினைவுகூர்கிறார்' என்று சேர்க்கச் சொல்லுங்கள். கதையும் தங்கும், பொறுப்பும் சொன்னவரிடம் போய்ச் சேரும்.

எண்ணிக்கைகளும் அப்படியே. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்துவின் (1924–1989) மயான காண்டம் மூவாயிரம் தடவைக்கு மேல் மேடையேறியது என்று பல இடங்களில் படிக்கிறோம். எண்ணியது யார், எந்த ஆண்டுவரை எண்ணியது என்று மரியாதையாகக் கேட்பதில் வைரமுத்துவின் புகழுக்குக் குறைவு ஒன்றும் வராது.

காலக்கணக்கு வேறொரு பொறி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் 1920களின் பிற்பகுதியில் கொழும்பு மேடையில் சேர்ந்து நடித்தார்கள். அந்த நாடகத்துக்கு '1927 வீரகேசரி விமர்சனம்' என்று யாராவது சான்று போட்டால் அங்கேயே நிறுத்துங்கள். வீரகேசரி தொடங்கியதே 1930 இல். தினகரன் 1932 இல். இந்த இரண்டு ஆண்டுகளை மனதில் வைத்திருக்கும் இலங்கை வாசகர் தமிழகத்து எழுத்தாளர் கவனிக்காததைக் கவனித்துவிடுவார்.

சந்தேகம்: எங்கள் ஊர்க் கூத்தர்களைப் பற்றி அச்சில் ஒன்றுமே இல்லை. பெரியவர்கள் சொல்வதை ஆதாரமாக ஏற்பார்களா?

நேராக ஏற்கமாட்டார்கள். இது கடுமையான விதிதான். நம் கரைக்கு இன்னும் கடுமை. வீட்டில் பத்திரமாக வைத்திருந்த நாடக நோட்டீசும் படமும் கொப்பியும் 2004 டிசம்பர் 26 இல் கடலோடு போன குடும்பங்கள் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் எத்தனையோ. 'ஆதாரம் இல்லை, எனவே நீக்குக' என்று எங்கோ இருந்து ஒருவர் எழுதும்போது கோபம் வருவது இயல்பு.

கோபத்தை வேலையாக்கலாம். பெரியவர் சொல்வதை முதலில் அச்சுக்குக் கொண்டுவாருங்கள். பிரதேச செயலக இலக்கிய விழா மலர், பாடசாலை மலர், கோயில் கும்பாபிஷேக மலர், வாரப் பத்திரிகை எதுவானாலும் சரி. பெயர், ஊர், பேட்டி கண்ட திகதி எல்லாம் இருக்கட்டும். வெளிவந்ததன் பிரதியை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள். 2005 இல் தொடங்கிய அந்த எண்ணிம நூலகத்தில் இலங்கைத் தமிழ் வெளியீடுகளோடு ஆளுமைகளுக்கென்று தனிப் பக்கங்களும் இருக்கின்றன. பிறகு அதைச் சான்றாகக் காட்டினால் விவாதிக்கவாவது ஓர் இடம் கிடைக்கும். கூத்து மரபு பற்றிப் பொதுவாக எழுதுவதற்குப் பேராசிரியர் சி. மௌனகுருவின் 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' (1998) இருக்கிறது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் மேடையேற்றிய 'கர்ணன் போர்', 'இராவணேசன்' பற்றியும் நிறைய அச்சில் உண்டு. ஆனால் அவற்றில் உங்கள் ஊர் அண்ணாவியாரின் பெயர் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதை எழுத வேண்டியவர் நீங்கள்.

கருத்துச் சொல்பவராக நீங்கள் செய்யக்கூடியது இன்னொன்று. வாய்மொழியை மட்டும் நம்பி எழுதப்பட்ட நல்ல வரியைக் கண்டால் உடனே நீக்கச் சொல்லாமல் 'சான்று தேவை' என்று குறித்துவிட்டு, எங்கே தேடலாம் என்றும் ஒரு யோசனை போடுங்கள்.

சந்தேகம்: என் உம்மாவின் வாப்பா இளமையில் நாடகங்களில் பெண் வேடம் போட்டவராம். யாரோ அதை எழுதிவிட்டார்கள். குடும்பத்தில் சிலருக்குப் பிடிக்கவில்லை. எடுத்துவிடச் சொல்லலாமா?

கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் மேடையில் பலர் முன்னால் நடந்து, அச்சிலும் பதிவான ஒன்றைக் குடும்பத்துக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக நீக்கமாட்டார்கள். நீங்களே போய் அழித்தாலும் வரலாற்றுப் பக்கத்தில் அது கிடக்கும், யாராவது திரும்பப் போடுவார்கள்.

எதை நீக்கலாம் என்று பாருங்கள். உயிரோடிருக்கும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளின் பெயர்கள், வீட்டு விலாசம், யாரை மணந்தார் என்பதைச் சுற்றிய வதந்தி ஆகியவற்றை நீக்கச் சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள். 'வேடம் போட்டதால் ஊர் ஒதுக்கியது' என்பது போன்ற வரி சான்றில்லாமல் இருந்தால் அதுவும் போக வேண்டும். உறவினர் என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டு உரையாடல் பக்கத்தில் எழுதுங்கள். கட்டுரைக்குள் நேராகக் கைவைப்பதைவிட அது மதிக்கப்படும். அப்படியே, அவர் நடித்த நாடகத்தின் பெயரும் ஆண்டும் உங்களுக்குத் தெரிந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். குடும்பத்தாருக்கு மட்டுமே தெரிந்த சரியான திகதிகள் நிறைய உண்டு.

சந்தேகம்: உயிரோடிருக்கும் கலைஞர் என்றால்?

எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். 2005 இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜோன் சீகென்தாலரின் ஆங்கில விக்கிப்பீடியாக் குறிப்பில் ஒருவர் விளையாட்டுக்கு, கென்னடி கொலையில் அவருக்குத் தொடர்பு இருந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது என்று எழுதிவிட்டார். நாலு மாதத்துக்கு மேல் அது அப்படியே கிடந்தது. அவர் பத்திரிகையில் எழுதிக் கேள்வி கேட்ட பிறகுதான் உலகம் விழித்தது. வாழும் மனிதர்கள் பற்றிய தனிக் கொள்கை அந்தக் களேபரத்தின் விளைவு. சான்றில்லாத பாதகமான வரியை விவாதிக்கக் காத்திராமல் உடனே எடுக்கலாம் என்பது அதன் சாரம்.

பெண் வேடக் கலைஞர்கள் விடயத்தில் இது வெறும் நாகரிகப் பிரச்சினை இல்லை. இலங்கையில் ஒருபாலுறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகள் ஆங்கிலேயர் காலத்து 1883 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்தவை. அவற்றை மாற்றுவதற்கான தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 இல் கூறியது. அந்தத் தீர்மானம் சட்டத்தை மாற்றிவிடவில்லை. இந்த நிலையில் ஒருவர் மேடையில் சேலை கட்டினார் என்பதை வைத்து அவருடைய அந்தரங்க வாழ்க்கையைப் பற்றி ஊகித்து ஒரு வரி எழுதுவது அவருக்கு ஆபத்தாகவே முடியலாம். வேடம் கட்டியவர்களில் எல்லா விதமானவர்களும் இருந்தார்கள், இருக்கிறார்கள். தம்மைப் பற்றி அவரே பகிரங்கமாகச் சொன்னதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். மேடைப் பெயரில் மட்டுமே அறியப்பட்டவரின் வீட்டுப் பெயரை, பிறந்த திகதியை, ஊரை எங்கிருந்தோ துருவி எடுத்துப் போட்டிருந்தால் அதை நீக்கச் சொல்வதுதான் நீங்கள் தரக்கூடிய மிகப் பயனுள்ள கருத்து. நீங்கள் எழுதும் அந்தக் கருத்தில் நீக்க வேண்டிய விபரத்தை மறுபடி எழுதிவிடாதீர்கள். பலர் அந்தப் பிழையைச் செய்கிறார்கள்.

சந்தேகம்: அவன் என்று எழுதுவதா, அவள் என்று எழுதுவதா?

'அவர்' என்று எழுதுங்கள். பாத்திரத்தைப் பற்றிச் சொல்லும்போது 'சந்திரமதி அழுதாள்', நடிகரைப் பற்றிச் சொல்லும்போது 'அவர் நடித்தார்'. ஆங்கிலக் கட்டுரைகளில் பக்கம் பக்கமாக ஓடும் சண்டை இங்கே ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

சந்தேகம்: நான் கடை வைத்திருப்பவன். நாடகம் படித்ததில்லை. என் கருத்துக்கு மதிப்பிருக்குமா?

ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையை 'நல்ல கட்டுரை' என்று அறிவிக்க ஆறு விடயங்களைப் பார்க்கிறார்கள். எழுத்துத் தெளிவு, சரிபார்க்கத்தக்க சான்று, விடயத்தின் விரிவு, நடுநிலை, அடிக்கடி மாறாத நிலைத்தன்மை, பொருத்தமான படங்கள். இந்த ஆறில் எதற்கும் பட்டம் தேவையில்லை. 'இந்தப் பத்தி எனக்கு விளங்கவில்லை, இவர் எந்த ஆண்டில் எங்கே இருந்தார் என்று குழம்புகிறது' என்று நீங்கள் எழுதினால் அது பேராசிரியரின் பாராட்டைவிட உதவும். உண்மைப் பெயரில் எழுத வேண்டும் என்றும் இல்லை. ஒரு பயனர் பெயர் எடுத்தால் போதும். பதில் வராவிட்டால் ஆலமரத்தடியில், அதாவது தமிழ் விக்கிப்பீடியர்கள் கூடிப் பேசும் பொதுப் பக்கத்தில், ஒரு வரி போட்டுவிடுங்கள்.

சந்தேகம்: பழைய வேடப் படம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. கட்டுரையில் சேர்க்கச் சொல்லிக் கொடுக்கலாமா?

படம் உங்கள் அலுமாரியில் இருக்கலாம். உரிமை, எடுத்தவருடையது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி படைத்தவர் இறந்து 70 ஆண்டுவரை அது நீடிக்கும். படத்தின் பின்புறத்தைப் பாருங்கள். பழைய ஸ்டூடியோக்கள் தங்கள் முத்திரையைக் குத்தியிருப்பார்கள். ஸ்டூடியோக்காரரின் பிள்ளைகள் அந்தப் பக்கமே இருந்தால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். 'சரி போடுங்க' என்று தொலைபேசியில் சொன்னதை, விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்து வைக்கும் விக்கிமீடியா பொதுவகம் ஏற்காது. சம்மதம் கிடைத்துப் படத்தை ஏற்றினால் விளக்க வரியில் நடிகரின் பெயரோடு பாத்திரத்தின் பெயர், நாடகம், மேடையேறிய ஊர், தெரிந்தால் ஆண்டு எல்லாம் இருக்கட்டும். 'பெண் வேடத்தில்' என்று மட்டும் எழுதினால் அந்தப் படம் யாருக்கும் எதையும் சொல்லாது.